மூன்று நாள் பயிற்சியும் மூன்று வருடப் பழக்கமும்

அண்ணாவுக்கு வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க் கால்பந்து கிளப் கைஸர் சீஃப்ஸுக்குப் பரம்பரை ரசிகன். 2025 அக்டோபர் 10ஆம் தேதி மோசஸ் மபிடா மைதானத்தில் தென்னாப்பிரிக்கா ஜிம்பாப்வேயோடு ஆடிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 0-0. பந்து வலப்பக்கம் போகிறது, இடப்பக்கம் வருகிறது, திரும்பவும் பின்னால் போகிறது. நாலு நாள் கழித்து ருவாண்டாவை 3-0 என்று ஜெயித்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம், சந்தோஷம்தான். ஆனால் அதற்காக அந்தத் தொண்ணூறு நிமிடத்தை மறந்துவிட முடியுமா?

நம் நாட்டு அணிக் கோச் ஹ்யூகோ புரோஸின் கண்ணுக்கு பிரிட்டோரியா கிளப்பான மமெலோடி சண்டவுன்ஸ் ஆட்களைத் தவிர யாரும் தெரிவதில்லை. எங்கள் சீஃப்ஸில் ஆளே இல்லையா? மஞ்சள் அட்டையைக்கூட எண்ணத் தெரியாமல் லெசோத்தோ ஆட்டத்தின் மூன்று புள்ளிகளைப் பறிகொடுத்தார்கள். நம் ஊர் மேனிங் ரேஞ்சர்ஸை வைத்துக்கொண்டு 1996-97 லீக்கை ஜெயித்துக் காட்டினாரே கார்டன் இகெசுண்ட், அப்படி ஒருவர் நம் தேசிய அணி பஃபானா பஃபானாவுக்குக் கிடைக்க மாட்டாரா? பெல்ஜியத்திலிருந்து ஆள் எதற்கு? உங்கள் கருத்தை எழுதுங்கள் அண்ணா.

– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இகெசுண்ட் பஃபானாவுக்குக் கிடைத்தவர்தான். 2012 நடுவில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 2013 பிப்ரவரி 2 அன்று, நீங்கள் உட்கார்ந்திருந்த அதே மோசஸ் மபிடாவில், ஆப்பிரிக்கக் கோப்பை காலிறுதியில் மாலியோடு 1-1. பெனால்டியில் 1-3 என்று தோற்று வெளியேறினோம். ரேஞ்சர்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ், சாண்டோஸ், சண்டவுன்ஸ் என்று நாலு கிளப்புகளோடு லீக்கை ஜெயித்தவர் அவர். இந்த நாட்டில் அந்தச் சாதனை சாதாரணமல்ல.

அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் பிட்சோ மொசிமானே. 2011 அக்டோபரில் சியரா லியோனோடு 0-0 முடிந்ததும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டோம் என்று மைதானத்தில் ஆடிப் பாடினார்கள். மூன்று அணிகள் 9 புள்ளிகளில் சமமாக நின்றன. அப்படிச் சமமானால் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், மொத்த கோல் வித்தியாசத்தை அல்ல. நைஜர் போனது, நாம் வீட்டில் இருந்தோம். அடுத்த வருடம் அவர் வேலை போயிற்று. அதே மொசிமானே 2016இல் சண்டவுன்ஸுக்கும், 2020, 2021இல் எகிப்தின் அல் அஹ்லிக்கும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார்.

இருவருக்கும் கால்பந்து தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கிளப் கோச்சின் வேலை வேறு, நாட்டு அணிக் கோச்சின் வேலை வேறு. இதைப் பிடித்துக்கொண்டால்தான் புரோஸ் ஏன் சண்டவுன்ஸ் ஆட்களை மொத்தமாக அள்ளுகிறார் என்பது விளங்கும்.

நீங்கள் பார்த்த ஆட்டம் வெள்ளிக்கிழமை. லீக் ஆட்டங்கள் முடிவது சனி, ஞாயிறு. ஆட்கள் முகாமுக்கு வந்து சேர்வது திங்கள். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் செவ்வாய். முதல் நாள் கால்களுக்கு ஓய்வு, மசாஜ், மெதுவான ஓட்டம். ஆட்டத்துக்கு முந்தின நாள் இலேசான பயிற்சியும் கார்னர், ஃப்ரீ கிக் ஒத்திகையும். உருப்படியாகக் கற்றுக்கொடுக்க மிஞ்சுவது இரண்டு, அதிகம் போனால் மூன்று வேளை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். கிளப் கோச்சுக்கோ வாரத்துக்கு நாலைந்து வேளை, பத்து மாதம். இகெசுண்டும் மொசிமானேயும் தங்கள் திறமையை எல்லாம் காட்டிய இடம் இந்தப் பத்து மாதம்தான்.

மூன்று வேளையில் எதைக் கற்றுத்தர முடியாது? ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வலப்பக்கம் தடுக்கும் ஆளான வலது பேக் குலிசோ முடாவ் பந்தோடு மேலே ஏறுகிறார். அவருக்குப் பின்னால் முப்பது மீட்டர் வெற்றிடம். அந்த நொடியில் நாலு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும். நடுவில் தடுக்கும் இரண்டு சென்டர் பேக்குகளில் வலப்பக்கத்தவர் எட்டு, பத்து மீட்டர் வெளிப்பக்கம் நகர வேண்டும். இன்னொரு சென்டர் பேக் நடுவுக்கு வர வேண்டும். இடது பேக் ஆப்ரி மொடிபா கோட்டோரத்தை விட்டுவிட்டு உள்ளே ஒடுங்க வேண்டும். முன்னால் நிற்கும் டெபோஹோ மொகோயேனா பந்தைப் பார்த்து ஓடாமல், கோல் போடக் காத்திருக்கும் எதிரணி ஸ்ட்ரைக்கருக்குப் பாஸ் போகும் வழியை மறித்து நிற்க வேண்டும். நாலு பேரையும் ஒரே கயிற்றில் கட்டினாற்போல. ஒருவர் அரை நொடி பிந்தினால் என்ன ஆகும்? முழு வேகத்தில் ஓடுகிறவன் நொடிக்கு எட்டு மீட்டர் போவான். அரை நொடி என்றால் நாலு மீட்டர். நாலு மீட்டர் இடைவெளி கிடைத்த ஸ்ட்ரைக்கருக்கு எதிரே கோல்கீப்பர் மட்டும்தான் மிச்சம்.

அந்த அரை நொடியைப் பலகையில் வரைந்து சொல்லித் தர முடியாது. பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்காமலே அவன் எங்கே நிற்பான் என்று தெரிந்திருக்க வேண்டும். அது வருடக்கணக்கான பழக்கம். 2024இல் ஐவரி கோஸ்ட்டில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் புரோஸ் செய்தது அந்தப் பழக்கத்தை அப்படியே கடன் வாங்கியதுதான். கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ். அவருக்கு முன்னால் முடாவ், கிராண்ட் கெகானா, மொதோபி ம்வாலா, மொடிபா. அவர்களுக்கு முன்னால் மொகோயேனா. ஆறு பேரும் சண்டவுன்ஸ். மாலியோடு முதல் ஆட்டத்தில் 0-2. அதற்குப் பிறகு ஆறு ஆட்டங்களில் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று, அதுவும் நைஜீரியாவின் பெனால்டி. மொரோக்கோவை 2-0 என்று வெளியேற்றியதும், கேப் வெர்டேயோடு வில்லியம்ஸ் நாலு பெனால்டிகளைத் தடுத்ததும், கடைசியில் மூன்றாம் இடமும் இந்த அடித்தளத்தின் மேல் கட்டியவை. இதைப் பட்சபாதம் என்று சொல்வது எனக்கு ஏற்கவில்லை. நேரம் இல்லாதவன் செய்யக்கூடிய மிக நேர்மையான வேலை இதுதான்.

கடன் என்றால் வட்டியும் உண்டு. அரையிறுதியில் நைஜீரியா கோலில் நின்றவர் ஸ்டான்லி ந்வபாலி. அப்போது அவருடைய கிளப் எது? நம் லீக்கின் சிப்பா யுனைடெட். மொகோயேனாவும் ஸ்ட்ரைக்கர் எவிடென்ஸ் மக்கோபாவும் பெனால்டி எடுப்பதை வருடம் முழுக்கப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவர். 1-1இல் முடிந்த ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது தடுத்தது அந்த இருவருடைய உதைகளைத்தான். 90ஆம் நிமிடத்தில் பெனால்டியில் கோல் போட்டு நம்மைக் காப்பாற்றிய அதே மொகோயேனா! ஆட்டத்துக்குள் ஒரு முறை உதைத்தவர் திரும்ப உதைக்கும்போது அதே மூலையா, மறு மூலையா என்ற தடுமாற்றம் அவருக்கும் உண்டு, கோல்கீப்பருக்குக் கூடுதல் தகவலும் உண்டு. அந்த வரிசையில் முதல் உதையை இன்னொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, உங்களுக்கு அலுப்பூட்டிய அந்தப் பக்கவாட்டுப் பாஸ். இதில் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பக்கவாட்டுப் பாஸ் தப்பில்லை, மெதுவான பக்கவாட்டுப் பாஸ்தான் தப்பு. மைதானத்தின் அகலம் 68 மீட்டர். கீழே இறங்கி நெருக்கி நிற்கும் அணி அதில் பாதியைத்தான் அடைக்க முடியும். பந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் அவர்கள் எல்லாரும் சுமார் பதினைந்து மீட்டர் நகர வேண்டும். சாதாரண ஓட்டத்தில் நாலு நொடி. நம் ஆட்கள் நாலு பாஸில், ஒரே தொடுகையில் பந்தைக் கடத்தினால் அதுவும் நாலு நொடிதான். கடைசி ஆளுக்குப் பந்து வரும்போது எதிராளி இன்னும் ஓடிக்கொண்டிருப்பான், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அவனைத் தாண்டலாம். ஒவ்வொருவரும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, இரண்டாம் தொடுகையில் அனுப்பினால் எட்டு நொடி. அவர்கள் வந்து, நின்று, மூச்சும் வாங்கியிருப்பார்கள். நீங்கள் பார்த்துச் சலித்தது அந்த எட்டு நொடியைத்தான்.

இதற்கு மருந்து மூன்று. சென்டர் பேக் பாஸ் கொடுக்காமல் பந்தை உருட்டிக்கொண்டே பத்து மீட்டர் முன்னேறுவது. அப்போது எதிரணியில் யாராவது ஒருவர் வரிசையை விட்டு வெளியே வந்தே தீர வேண்டும், அவர் விட்ட இடத்தில் பாஸ். அடுத்து, நாலு பாஸுக்குப் பதில் நாற்பது மீட்டர் குறுக்குப் பாஸ் ஒன்று. இரண்டு நொடியில் போய்விடும், ஆனால் பெறுகிறவன் முதல் தொடுகையில் பந்தை அடக்க வேண்டும், தவறினால் எதிர்த்தாக்குதல். மூன்றாவது, பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் நம் விங்கர், அதாவது ஓரத்தில் தாக்கி ஆடுகிறவர், கோட்டோரத்தில் கைகட்டி நிற்காமல் தூரத்துப் போஸ்டுக்கு ஓடுவது. அடுத்த முறை மோசஸ் மபிடா போகும்போது பக்கவாட்டுச் சீட்டை விட்டுவிட்டு, கோலுக்குப் பின்னால் மேல் அடுக்கில் உட்காருங்கள். பந்தைப் பார்க்காமல் அந்த எதிர்ப்பக்க விங்கரை ஒரு பத்து நிமிடம் பாருங்கள். டிவியில் அவர் தெரியவே மாட்டார். கோல் ஏன் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அவரிடம்தான் பதில் இருக்கும்.

'சண்டவுன்ஸ் மட்டும்' என்ற புகார் இப்போது பழசாகிவிட்டது. ருவாண்டாவுக்கு எதிரே கோல் போட்ட மூவரும் யார்? தலெண்டே ம்பாதா, ஆஸ்வின் அப்போலிஸ், எவிடென்ஸ் மக்கோபா. மூவரும் பைரட்ஸ். பின்னால் ஒரு கிளப்பின் பழக்கம், முன்னால் இன்னொரு கிளப்பின் பழக்கம் என்று புரோஸ் இரண்டு துண்டுகளை ஒட்டுகிறார். ஒட்டும் இடம் நடுவில் இருக்கிறது, அங்கேதான் இன்னும் கசிகிறது.

சீஃப்ஸ் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு வலிக்கும், ஆனால் சொல்லியாக வேண்டும். 2015க்குப் பிறகு 2025 மே மாதம் வரை ஒரு கோப்பையும் இல்லை. அந்தப் பத்து வருடத்தில் கொம்ஃபேலா, சொலினாஸ், மிட்டன்டார்ப், ஹண்ட், பாக்ஸ்டர், ஆர்தர் ஸ்வானே, ந்ட்செகி, ஜான்சன், நபி என்று கோச்சுகள் வந்த வண்ணம் இருந்தார்கள். ஒருவர் உயரப் பந்தை நம்பினார், அடுத்தவர் தரையோடு பாஸ் என்றார். சேர்ந்தாற்போல் மூன்று வருடம் ஒரே இரண்டு சென்டர் பேக்குகள் நின்று ஆடினால்தானே கடன் கொடுக்க ஏதாவது சேரும்? தனி ஆளாகத் திறமைசாலிகள் சீஃப்ஸில் எப்போதும் உண்டு. இரண்டு பேராக, மூன்று பேராகப் பழகியவர்கள் இல்லை. நெட்பேங்க் கோப்பையை மபிடாவில் பைரட்ஸிடமிருந்து 2-1 என்று பறித்த அணியை அப்படியே மூன்று பருவம் ஆட விட்டால், புரோஸுக்குப் பின்னால் வருபவர் நிச்சயம் உங்கள் கதவைத் தட்டுவார்.

மஞ்சள் அட்டை விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம். 2025 மார்ச் 21 லெசோத்தோ ஆட்டத்தில் நாம் 2-0 என்று ஜெயித்தோம். முந்தைய தகுதி ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி, இந்த ஆட்டத்துக்குத் தடையில் இருந்த மொகோயேனாவை ஆட வைத்ததால், செப்டம்பர் 29 அன்று ஃபிஃபா அதை 0-3 ஆக்கியது. கிளப் லீக்கில் வாரா வாரம் ஆட்டம் இருப்பதால் அட்டைக் கணக்கு எல்லாருடைய வாயிலும் இருக்கும். தகுதி ஆட்டங்கள் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி வருபவை; முதல் அட்டை யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் ஒரே ஒரு நோட்டு வேண்டும்: ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர் அறிக்கையைப் பார்த்துப் பெயர், தேதி, நிமிடம் எழுதுவது, அடுத்த அணிப் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு பேர் தனித்தனியாக அதைச் சரிபார்ப்பது. பத்து நிமிட வேலை. அது கோச்சின் வேலையல்ல, அணி மேலாளரின் வேலை.

2026 ஜூன் 11 தொடக்க ஆட்டம் மெக்சிகோ நகரத்தில், மெக்சிகோவோடு. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிந்து பந்து வேகமாகப் போகும், வளைவது குறையும். நீண்ட பாஸ் நினைத்ததைவிட இரண்டு மூன்று மீட்டர் தாண்டி விழும். கோல்கீப்பர் உயரப் பந்துக்கு எப்போது காலெடுப்பது என்ற கணக்கு மாறும். நம் டர்பன் பையன்கள் வளர்வது கடற்கரையில். பிரிட்டோரியா 1,300 மீட்டருக்கு மேல், ஜோகன்னஸ்பர்க் 1,700க்கு மேல். சண்டவுன்ஸ், பைரட்ஸ், உங்கள் சீஃப்ஸ் மூன்றும் அந்த மேட்டுநிலத்தில் தினமும் ஓடுகிற கிளப்புகள். அங்கேயே பழகிய நுரையீரலையும் கண்ணையும் மூன்று வேளைப் பயிற்சியில் யாருக்கும் உண்டாக்கித் தர முடியாது. ஆகவே பட்டியல் வரும்போது கிளப் பெயரோடு ஒவ்வொருவரும் வாரா வாரம் ஆடும் ஊரின் உயரத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்