விற்றபோது இல்லாத உரிமை பிறகு வந்தால்?

கேள்வி: 2014-இல் 30 சென்ட் நிலம் கிரயம் வாங்கினேன். 'பாகப்பிரிவினையில் எனக்குக் கிடைத்தது' என்று சொல்லி ஒருவர் விற்றார். அது அவருடைய அப்பாவின் சுயசம்பாத்தியம் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்பா 2023-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருக்கு மனைவி, எனக்கு விற்ற இந்த மகன், ஒரு மகள், இந்துக் குடும்பம். 'விற்றபோது எனக்கு உரிமையே இல்லை, கிரயம் செல்லாது' என்கிறார் மகன். என்ன செய்வது?
- வாசகர், துறையூர்

பதில்: அந்த வாதத்தை அவர் எடுக்க முடியாது. தன்னுடையது என்று சொல்லி விலை வாங்கியவர், பின்னால் அதே சொத்தில் உரிமை வந்ததும் பேச்சை மாற்றக் கூடாது. இதுதான் முரண்தடை; வக்கீல்கள் எஸ்டாப்பல் என்பார்கள். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அப்படி வந்துசேரும் உரிமையைக் கேட்டு வாங்க உங்களுக்கு வழி தருகிறது. அவர் பொய் சொன்னாரா, தவறாக நம்பிச் சொன்னாரா என்பது முக்கியமில்லை.

பின்னால் வாரிசாகச் சொத்து வரும் என்ற எதிர்பார்ப்பை விற்க முடியாது என்ற, அதே சட்டத்தின் 6(அ) பிரிவை எதிர்த்தரப்பு காட்டும். 1962-இல் மெர்க்காரா ஜும்மா மசூதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: எதிர்பார்ப்பை எதிர்பார்ப்பாகவே விற்றால்தான் 6(அ); இப்போதே சொந்தம் என்று சொல்லி, வாங்கியவரும் அதை நம்பியிருந்தால் 43. அதனால் உங்கள் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். 'தகப்பனாருக்குப் பின் எனக்குச் சேர வேண்டிய' என்று ஒரு வரி இருந்தாலும், உண்மை தெரிந்தே வாங்கினீர்கள் என்றாகி வழக்கு கவிழும்.

ஆனால் 30 சென்டும் கிடைக்காது. மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. மகனுக்கு வந்த 10 சென்ட் அளவுதான் உங்களுக்கு. (இறந்தவரின் தாயார் அன்று உயிரோடு இருந்திருந்தால் பங்கு நான்காகும், உங்களுக்கு ஏழரை சென்ட்.) தங்கை நாளை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அந்தப் பங்கையும் நீங்கள் கேட்கலாம்.

தாமதம் ஆபத்து. விவரம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து மகனிடம் வாங்கிவிட்டால், 43 அவரைத்தான் காக்கும். உடனே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மகனுக்கு வந்த உரிமையை 43-இன்படி கோருவதாக, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். எந்த மூலை உங்களுடையது என்பது பிரியாத சொத்தில் முடிவாகாது. தாயையும் தங்கையையும் சேர்த்துப் பிரிவினை வழக்குப் போட வேண்டும்.

ஒன்றில் மிகக் கவனம் தேவை. கோபத்தில் முழுக் கிரயத் தொகையையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் விட்டுவிடாதீர்கள். கிரயத்தையே நீங்கள் ரத்து செய்துவிட்டீர்கள் என்று வாதிடுவார்கள்; ரத்தான கிரயத்துக்கு 43 கிடையாது.