கணினியைக் கைமாற்றும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக ஜெராக்ஸ் மற்றும் இணையச் சேவைக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், பத்திர நகல் ஆகியவற்றை ஸ்கேன் செய்து, வேலை முடிந்ததும் அன்றன்றே டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுவேன். இப்போது பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க இருக்கிறேன். அதில் இருப்பது 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். ஃபார்மட் செய்து கொடுத்தால் போதுமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: வழக்கமாகச் செய்யப்படும் விரைவு ஃபார்மட் போதவே போதாது. அப்படிக் கொடுத்தால், உங்களை நம்பி ஸ்கேன் செய்ய வந்தவர்களின் ஆவணங்களில் கணிசமான பகுதியை அந்தக் கணினியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள் என்றே பொருள். ஆதார் நகலும் புகைப்படமும் கையெழுத்தும் ஒரே இடத்தில் ஒருவர் கையில் சிக்கினால், அடுத்தவர் பெயரில் சிம் கார்டு வாங்குவது முதல் கடன் பெறுவது வரை பல முறைகேடுகளுக்கு வழி பிறந்துவிடும். அதன் பாதிப்பு உங்களைத் தேடி வராது, உங்கள் கடைக்கு வந்துபோனவர்களைத்தான் தேடிப் போகும். கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது மிகவும் நல்ல காரியம்.

டெலீட் செய்யும்போது உண்மையில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மைக் கோப்பு அட்டவணை என்னும் பதிவேட்டில் ஒரு பதிவு உண்டு. கோப்பின் பெயர், தேதி, அளவு, அதன் உள்ளடக்கம் டிஸ்க்கின் எந்தெந்தப் பகுதிகளில் எழுதப்பட்டிருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போது, அந்தப் பதிவு பயன்பாட்டில் இல்லை என்றும், அது சுட்டிய பகுதிகள் காலியாக உள்ளன என்றும் குறிக்கப்படுகின்றன. கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. விரைவு ஃபார்மட்டும் இந்த அட்டவணையைப் புதிதாகத் தொடங்குவதோடு சரி. ‘வீடு வாடகைக்கு’ என்று வாசலில் பலகை தொங்கினாலும், பழைய குடித்தனக்காரரின் சாமான்கள் உள்ளே அப்படியே கிடப்பதைப் போன்றது இது. வேறொரு புதிய கோப்பு அதே இடத்தில் எழுதப்படும்போதுதான் பழையது அழியும். அது நாளையும் நடக்கலாம், கணினி ஆயுள் முடியும் வரை நடக்காமலும் போகலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கி, விரைவு ஃபார்மட் செய்த ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கின் மீது ஓட்டுங்கள். அது அட்டவணையைப் பொருட்படுத்தாமல் டிஸ்க் முழுவதையும் படித்துக்கொண்டே போகும். பி.டி.எஃப். கோப்பு ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியோடு பி.டி.எஃப். என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். ஜேபெக் படங்களுக்கும் அதுபோல மாறாத தொடக்கக் குறி உண்டு. அந்தக் குறி தென்படும் இடத்திலிருந்து கோப்பை எடுத்துத் தனி ஃபோல்டரில் சேமித்துவிடும். கோப்புகளின் பெயர்கள் போய், ஆங்கில எஃப் எழுத்தும் நீளமான எண்ணுமாகப் புதுப் பெயர்கள் இருக்கும்; ஆனால் திறந்தால், ஸ்கேன் செய்த அட்டை முகத்தோடும் எண்ணோடும் முழுதாகத் திரையில் நிற்கும். இதற்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை இரண்டாம் கைச் சந்தையில் வாங்கிப் பார்த்தார்கள். முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும், மருத்துவ விவரங்களும் கிடைத்தன, ஒன்று ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்த டிஸ்க். இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு நிறுவனத்திடம் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒப்படைத்து, அவை அழிக்கப்படாமலேயே இணைய ஏலத்துக்குப் போன விவகாரத்தில், மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனத்தின் பிரிவொன்று 2022ஆம் ஆண்டு 3.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. எனவே, ‘நீங்களே அழித்துவிடுங்கள்’ என்று எக்ஸ்சேஞ்ச் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வரக் கூடாது என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால், அவரிடமிருந்து வாங்கப்போகிறவரை உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது மேலெழுதுதல்: டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியிலும் பூஜ்யத்தை எழுதிவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. வழியாக வேறொரு கணினியில் இணைத்து, அதிலுள்ள ஒவ்வொரு டிரைவையும் ‘விரைவு ஃபார்மட்’ என்ற பெட்டியில் உள்ள டிக் குறியை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதுகின்றன. எக்ஸ்.பி.யில் செய்த முழு ஃபார்மட்டோ பழுதான பகுதிகளைத் தேடியதே தவிர எதையும் அழிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத பகுதிகளையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் அழிக்க விரும்பினால், விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் கருவியில் ‘கிளீன் ஆல்’ என்ற கட்டளை இருக்கிறது. ‘கிளீன்’ என்று மட்டும் கொடுத்தால், டிஸ்க் எப்படி டிரைவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம்தான் போகும். ‘ஆல்’ சேர்த்தால்தான் எல்லாம் அழியும். எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதை அதன் கொள்ளளவை வைத்து ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்த பிறகே என்டர் விசையைத் தொடுங்கள். அதற்குப் பின் திரும்பப் பெற வழியே இல்லை. வினாடிக்கு 150 எம்.பி. வேகத்தில் எழுதினால், 1 டி.பி. டிஸ்க்குக்கு ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் ஆகும். பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பு என்றால் இரவு முழுவதும் ஓட விட்டுவிட வேண்டியதுதான்.

கணினியைக் கொடுக்காமல் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள், இருக்கும் கோப்புகளைத் தொடாமல் காலி இடத்தை மட்டும் மேலெழுதலாம். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் சிஃபர் என்ற கட்டளையை — ஆங்கிலத்தில் சி, ஐ, பி, எச், இ, ஆர் — தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, சாய்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, டிரைவின் எழுத்து, மீண்டும் முக்காற்புள்ளி என்று கொடுத்தால், காலி இடம் முழுவதும் மூன்று சுற்றுகளாக மேலெழுதப்படும். ஆனால், மிகச் சிறிய கோப்புகள் அட்டவணைப் பதிவுக்குள்ளேயே தங்கியிருக்கும். அவை இந்தக் கட்டளைக்கு அகப்படாமல் போகலாம். அழித்த கோப்புகளின் பெயர்களும் அட்டவணையில் எஞ்சியிருக்கக்கூடும். உங்களைப் போன்ற கடைகளில் கோப்புக்கு வாடிக்கையாளரின் பெயரையே வைப்பது வழக்கம் என்பதால், கைமாற்றும் கணினிக்கு இந்த வழி போதாது. முழு டிஸ்க்கையும் அழிப்பதே முறை.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கை 35 முறை மேலெழுதினால்தான் தகவல் முற்றிலும் அழியும் என்று ஒரு மென்பொருளில் கண்டேன். அது அவசியமா?
— வாசகி, சேலம்

பதில்: அவசியமில்லை. 1996ஆம் ஆண்டு பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது அந்த 35. அக்காலத்தில் ஹார்ட் டிஸ்க்குகள் பல்வேறு குறியாக்க முறைகளில் தகவலைப் பதிவு செய்தன. எந்த முறை என்று தெரியாத நிலையில் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி அவர் தொகுத்த பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35 சுற்றும் தேவைப்பட்டதில்லை. மக்கள் அதை மந்திரம்போல் ஓதத் தொடங்கிவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே வருந்தி எழுதினார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒரே ஒரு முறை மேலெழுதினாலும், ஆய்வகத்தில் வைத்துக்கூடத் தகவலை மீட்பது கடினம் என்பதே அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியின் நிலைப்பாடு. 1 டி.பி. டிஸ்க்கை 35 முறை எழுதி முடிக்க இரண்டரை நாளுக்கும் மேலாகும். அதற்குப் பயந்து ஒரு முறைகூடச் செய்யாமல் விட்டுவிடுவதுதான் நடைமுறையில் பெரிய ஆபத்து.

கேள்வி: என் மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி. உள்ளது. அதில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் யாராலும் மீட்க முடியாதபடி அழிக்க எந்த மென்பொருள் நல்லது?
— கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, அப்படி உறுதி தரக்கூடிய மென்பொருள் எதையும் என்னால் பரிந்துரைக்க இயலாது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை மேலெழுதச் சொன்னால், அதே இடத்தில் எழுதப்படும். எஸ்.எஸ்.டி.யில் உள்ள ஃப்ளாஷ் நினைவகமோ ஒவ்வொரு முறை எழுதும்போதும் சிறிது தேய்கிறது. ஒரே இடம் தேய்ந்துவிடாதிருக்க, அதன் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கிறது. நீங்கள் மேலெழுதுவதாக எண்ணும் பூஜ்யங்கள் வேறோர் இடத்துக்குப் போகும்; பழைய தகவல் தன் இடத்திலேயே சில காலம் கிடக்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சில்லுகளையே நேரடியாகப் படித்து நிரூபித்தார்கள்: தனிக் கோப்பை அழிக்கும் எந்த முறையும் எஸ்.எஸ்.டி.யில் பலன் தரவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2015இல் மேக் இயங்குதளத்தின் எல் கேப்பிடன் பதிப்பிலிருந்து ‘பாதுகாப்பாகக் குப்பைத் தொட்டியைக் காலி செய்’ என்ற வசதியையே நீக்கியது. ஃப்ளாஷ் நினைவகத்தில் அதற்கு உறுதி தர முடியாது என்பதுதான் காரணம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. விண்டோஸ் 7 முதல், கோப்பை டெலீட் செய்தவுடன் ‘இந்த இடம் இனித் தேவையில்லை’ என்று ட்ரிம் என்னும் கட்டளை வழியாக எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லப்படுகிறது. ட்ரிம் செயல்படும் கணினியில், சாதாரண மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. சில்லைக் கழற்றிப் படிக்கும் அளவுக்கு வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு எஞ்சுகிறது, அதுவும் எஸ்.எஸ்.டி. தன் பின்னணித் துடைப்பை முடிக்கும் வரைதான்.

ஆகவே எஸ்.எஸ்.டி.க்கு உகந்த வழி, அழிப்பதைப் பற்றி முதல் நாளே யோசிப்பது. டிரைவை முழுவதுமாக மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிட்டால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டால், சில்லுகளில் எஞ்சி நிற்பது வெறும் புரியாத குறிகளாகவே இருக்கும். கைமாற்றும் நாளில் சாவியை அழித்தால் போதும். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் இதற்கென இருக்கின்றன. ஏற்கெனவே பயன்படுத்திய கணினியில் பிட்லாக்கரை இயக்கும்போது, ‘பயன்பாட்டில் உள்ள இடம் மட்டும்’ என்பதை விடுத்து, முழு டிரைவையும் மறையாக்கம் செய்யும் தெரிவைக் கொடுங்கள். மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, கணினிப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மறையாக்கம் செய்யாத எஸ்.எஸ்.டி.யைக் கொடுக்க நேர்ந்தால், அதைத் தயாரித்த நிறுவனமே தரும் கருவியில் உள்ள ‘செக்யூர் இரேஸ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். சில மடிக்கணினிகளில், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அமைப்புப் பட்டியலிலேயே அது இருக்கும். மேற்சொன்ன சான் டியாகோ ஆய்வில், அழித்துவிட்டதாக அறிவித்த ஒரு டிரைவில் தகவல் முழுதாக அப்படியே இருந்தது என்பதால், முடிந்தபின் ஃபோட்டோரெக்கை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஃபோல்டர் ஒன் டிரைவோடு இணைந்திருந்தால், கணினியில் அழித்த பின்னும் தனிநபர் கணக்கின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். விண்டோஸின் மீட்டெடுப்புப் புள்ளிகளிலும், படங்களின் சிறு உருவத் தொகுப்பிலும், வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்த பேக்கப்பிலும், யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பிலும் நகல்கள் இருக்கக்கூடும். இந்த நகல்களின் வழியாகவும் கோப்புகள் வெளியே வரலாம்; சில்லைக் கழற்றிப் படிப்பவர்களைவிட இவற்றுக்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

கேள்வி: பழுதான ஹார்ட் டிஸ்க் ஒன்று உள்ளது. கணினியில் இணைத்தால் தெரிவதே இல்லை. பெரிய காந்தத்தை மேலே வைத்துவிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வீட்டில் கிடைக்கும் காந்தத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளேயே மிகவும் வலுவான காந்தங்கள் தட்டுகளுக்கு அருகில் இருக்கின்றன. தகவலைக் காந்தத்தால் அழிப்பதற்கென்றே தனி இயந்திரங்கள் உண்டு; எஸ்.எஸ்.டி.க்கு அவற்றாலும் பயனில்லை, ஏனெனில் அதில் தகவல் காந்த முறையில் பதிவாவதில்லை. கணினிக்குத் தெரியாத டிஸ்க்கில் பழுதானது வெறும் மின்சுற்றுப் பலகையாகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்தால் உள்ளிருப்பது அனைத்தும் திரும்ப வரும்.

மேலெழுத முடியாதபோது உடைப்பதுதான் வழி. மூடியைக் கழற்ற நட்சத்திர முனை கொண்ட திருப்புளி தேவைப்படும். லேபிளுக்கு அடியிலும் ஒரு திருகு மறைந்திருப்பது வழக்கம். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் சிதைக்க வேண்டும். மடிக்கணினியின் சிறிய டிஸ்க்குகளில் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. தட்டினால் ஊசிகளாகத் தெறிக்கும் என்பதால், துணிப் பைக்குள் வைத்து, கண்ணுக்குக் கவசம் அணிந்துகொண்டே செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் பலகையை இரண்டாக ஒடித்தால் மட்டும் போதாது. கறுப்பாக உள்ள ஒவ்வொரு நினைவகச் சில்லும் நொறுங்க வேண்டும். எதையும் எரிக்காதீர்கள், அந்தப் புகை நச்சுத்தன்மை கொண்டது. மிஞ்சியதைப் பழைய இரும்போடு சேர்க்காமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.