சார், மேம், டாக்டர், புரொஃபசர்: மெயிலில் யாரை எப்படி அழைப்பது?

கல்லூரிகள் திறந்துவிட்டன, எங்களுக்கு வரும் கேள்விகளும் அதற்கேற்ப மாறிவிட்டன. ஆசிரியருக்கு மெயில் எழுதுவது பற்றி வந்தவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பொறியியல் கல்லூரியில் நீண்ட காலமாகப் பாடம் எடுப்பவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் துறையில் சிலர் டாக்டர், சிலர் அசிஸ்டென்ட் புரொஃபசர், சிலர் அசோசியேட். எல்லோருக்கும் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்றே ஆரம்பித்தால் தப்பா?
முதலாண்டு மாணவி, திருச்சி

தப்பே இல்லை. நம்மூர்க் கல்லூரிகளில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று வரும் மெயிலைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, அது ஊறிப்போன வழக்கம். சுளிக்க வைப்பது ‘ரெஸ்பெக்டட் சார்/மேடம்’ என்று நடுவில் ஒரு கோடு போட்டு வருகிறதே, அதுதான். வாரம் முழுக்க எதிரே நின்று பாடம் எடுக்கிற ஒருத்தி சாரா மேடமா என்று முடிவு செய்யக்கூட நேரமில்லையா என்று கேட்கத் தோன்றும். யாருக்கோ போட்ட மெயிலை அப்படியே நகலெடுத்து அனுப்பியது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பெயரைச் சேர்த்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ‘டியர் புரொஃபசர்’ போட்டுப் பெயர். பதவியில் மூன்று படி இருந்தாலும் அழைக்கும்போது மூவருமே புரொஃபசர்தான். சிலர் துல்லியமாக இருக்கட்டும் என்று ‘டியர் அசிஸ்டென்ட் புரொஃபசர்’ என்று எழுதுகிறார்கள், வாங்குபவருக்கு ‘இன்னும் பிரமோஷன் வரலையா’ என்று யாரோ விசாரிப்பது போல இருக்கும். ‘டாக்டர்’ என்பது பிஎச்.டி. முடித்தவருக்கு மட்டும். கலை அறிவியல் கல்லூரிகளில் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்கள், பொறியியலில் எம்.இ. முடித்து வந்தவர்கள், பிஎச்.டி.யைப் பாதியில் வைத்துக்கொண்டு பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் உண்டு, அவர்களை டாக்டர் என்றால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். பிஎச்.டி. முடித்தவரை ‘மிஸஸ்’ என்பது அதைவிட மோசம். இது பெண்களுக்குத்தான் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரே துறை, ஒரே பட்டம், அந்த அறையில் இருக்கும் ஆண் டாக்டர், இந்த அறையில் இருக்கும் அம்மா மிஸஸ். கல்லூரி இணையதளத்தில் துறைப் பக்கத்தைத் திறந்தால் யார் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று வரிசையாக இருக்கும், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம், ‘புரொஃபசர் ஆர்’ என்று இனிஷியலை மட்டும் போடாதீர்கள். அது அவருடைய அப்பாவின் பெயரில் முதல் எழுத்து. சிரிக்காதீர்கள், வந்திருக்கிறது.

மெயிலிலும் பள்ளியில் எழுதிய மாதிரி அனுப்புநர், பெறுநர் போட வேண்டுமா? போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறான் நண்பன்.
இரண்டாமாண்டு மாணவர், விருதுநகர்

வேண்டாம். லீவ் லெட்டர் நம் எல்லோர் கையிலும் அச்சு மாதிரி பதிந்து கிடக்கிறது. ஃப்ரம் போட்டு வீட்டு முகவரி, டு போட்டு கல்லூரி முகவரி பின்கோடு வரைக்கும், ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’, கடைசியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. தாளில் எழுதிக் கொடுக்கும்போது அது சரி. மெயிலில் அனுப்பியவர், பெறுபவர், தேதி எல்லாம் தானாகவே இருக்கிறது. ஃபோனில் படிக்கிற ஆசிரியர் உங்கள் வீட்டுக் கதவு எண், தெருப்பெயர் எல்லாம் தாண்டி விரலால் தள்ளித் தள்ளி விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு வகை, லெட்டரைத் தாளில் எழுதி, ஃபோட்டோ எடுத்து, தலைகீழாக அட்டாச் செய்து, மெயிலில் ஒரு வார்த்தைகூட எழுதாமல், சப்ஜெக்ட் இடத்தையும் காலியாக விட்டு அனுப்புவது.

அந்த அச்சில் உருப்படியான ஒரே பகுதி ‘பொருள்’. அதை மட்டும் எடுத்து சப்ஜெக்ட் இடத்தில் போடுங்கள், ‘ரிக்வெஸ்ட்’ என்று மொட்டையாக இல்லாமல், ‘லேப் ரெக்கார்டை வெள்ளிக்கிழமை தர அனுமதி, மூன்றாமாண்டு இ.சி.இ., பி பிரிவு’ என்கிற மாதிரி. பல வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும், பெயர் இருக்காது. பதிவு எண்ணும் வகுப்பும் கீழே இருந்தால் அவர் வருகைப் பதிவேட்டைத் தேட வேண்டியதில்லை. நடுவில் மூன்று வரி போதும்: என்ன ஆனது, என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடிக்காதீர்கள். எது நீட்ஃபுல் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும்?

ஜெர்மனியில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்குப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒருவரும் பதில் போடவில்லை. நான் எழுதும் முறையில் ஏதாவது கோளாறா?
மூன்றாமாண்டு மெக்கானிக்கல், கோவை

நீங்கள் இணைத்திருந்த மாதிரி மெயிலைப் படித்தேன். ‘ரெஸ்பெக்டட் சார், ஐ வென்ட் த்ரூ யுவர் ப்ரொஃபைல் அண்ட் ஐ ஆம் வெரி மச் இம்ப்ரெஸ்ட்’ என்று தொடங்குகிறது. எந்த ப்ரொஃபைல், எதில் இம்ப்ரெஸ் ஆனீர்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. பெயர் இல்லாததால் இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அப்படித்தான் அனுப்பியிருப்பீர்கள் என்று அவரும் நினைப்பார். அது பெண் பேராசிரியருக்குப் போயிருந்தால் ‘சார்’ என்ற இடத்திலேயே கதை முடிந்தது.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. இன்டர்ன்ஷிப்புக்குத் தரும் ‘வைஸ்’ உதவித்தொகைக்கு இந்திய மாணவர்கள் தாங்களே ஒரு ஜெர்மன் பேராசிரியரைப் பிடித்து அழைப்புக் கடிதம் வாங்க வேண்டியிருப்பதால், இந்த மாதிரி மெயில்கள் அங்கே குவிகின்றன. அவர்கள் கண்ணுக்கு ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பதே மொத்தமாக வீசப்பட்ட மெயிலின் அடையாளமாகிவிட்டது. நம்மூர் மரியாதை அந்த ஊரில் வேறு மாதிரி போய்ச் சேருகிறது, என்ன செய்ய.

ஜெர்மனியில் பட்டங்களுக்கு இன்னும் மதிப்பு உண்டு. இணையதளத்தில் ‘புரொஃப். டாக்டர்-இங்.’ என்று பெயருக்கு முன்னால் ஒரு ரயிலே நிற்கும், கடைசியில் இருக்கும் ‘இங்.’ பொறியியல் முனைவர் பட்டத்தைக் குறிப்பது. சிலருக்கு டாக்டர் இரண்டு தடவை வரும். மெயிலில் அதையெல்லாம் இறக்கிவைக்க வேண்டியதில்லை. உயர்ந்தது எதுவோ அது மட்டும், கூடவே குடும்பப் பெயர்: ஆங்கிலத்தில் எழுதினால் ‘டியர் புரொஃபசர் ம்யுல்லர்’, அவ்வளவுதான். ஜெர்மன் தெரிந்து ஜெர்மனில் எழுதினால் ஆணுக்கு ‘ஹெர் புரொஃபசர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ் புரொஃபசர்’. பெயரில் ‘யு’ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் அதை அவர் பக்கத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். முடியாவிட்டால் ‘யு’வுக்குப் பின்னால் ஓர் ‘ஈ’ சேர்ப்பது அங்கே ஒப்புக்கொண்ட வழக்கம், புள்ளியும் இல்லாமல் ‘ஈ’யும் இல்லாமல் வெறும் ‘யு’ போடுவதுதான் கூடாது.

பெயரைச் சரியாக எழுதிவிட்டால் போதாது. அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது திறந்து, அதில் எந்த இடம் உங்களுக்குப் புரிந்தது, எந்த இடத்தில் கேள்வி வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். முழுக்கப் புரிய வேண்டிய அவசியமில்லை, மூன்றாமாண்டு மாணவருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது என்றால்தான் சந்தேகம் வரும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும் என்பதையும் சொல்லுங்கள். தயவுசெய்து ‘டு’ பெட்டியில் ஒரே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் அத்தனை பேரையும் வரிசையாகப் போட்டு அனுப்பாதீர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்கள்.

ஸ்வீடனில் முதுகலை சேர்ந்திருக்கிறேன். பேராசிரியர் பெயர் சொல்லியே எழுதச் சொல்கிறார், எனக்குக் கை வரவில்லை. ‘சார்’ என்றே எழுதிக்கொண்டிருக்கலாமா?
ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு சென்னை மாணவர்

அவரே சொன்ன பிறகும் ‘சார்’ என்று எழுதினால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்றுதான் ஆகும். ஸ்வீடன்காரர்கள் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. பட்டத்தையும் பதவியையும் சொல்லி அழைப்பதில் ஒரு காலத்தில் நம்மையே தோற்கடிக்கிற ஆட்களாக இருந்தார்கள். 1960களின் கடைசியில்தான் அது உடைந்தது. 1967இல் ப்ரோர் ரெக்செட் என்பவர் அரசின் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, ஊழியர்கள் எல்லோரையும் முதற்பெயர் சொல்லி ‘நீ’ என்றே பேசப்போவதாக அறிவித்தார். அந்தக் காற்று ஏற்கெனவே வீச ஆரம்பித்திருந்தது, அவர் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. இன்று அங்கே ‘புரொஃபசர்’ என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னால் நீங்கள் தள்ளி நிற்பதாகத் தோன்றும்.

மற்ற நாடுகளுக்கும் ஒரு சுலபமான வழி இருக்கிறது: பதில் மெயிலின் அடியில் அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். முதல் மெயிலுக்கு ‘டியர் புரொஃபசர்’. பதிலில் வெறும் முதற்பெயரைப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் அனுமதிதான். அமெரிக்காவில் இது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே துறையில் ஒருவர் முதற்பெயர் சொல்லச் சொல்வார், இன்னொருவர் ‘டாக்டர்’ விடுபட்டால் கவனிப்பார். இரண்டெழுத்தில் சுருக்கிக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு, அவர்களிடம் ‘புரொஃபசர்’ என்றே தொடருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கு விரிவுரையாளரைப் புரொஃபசர் என்று மெயிலில் எழுதிய நண்பனை எல்லோரும் பகிடி பண்ணினார்கள். என்ன பிழை?
பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்

மேலே திருச்சி மாணவிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. இலங்கையில் பேராசிரியர் என்பது பல படிகள் ஏறி அடைகிற பதவி. விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் என்று கீழே ஆட்கள் இருக்கும்போது எல்லோரையும் புரொஃபசர் ஆக்கினால் சிரிக்கத்தான் செய்வார்கள். கலாநிதிப் பட்டம், அதாவது பிஎச்.டி., உள்ளவருக்கு ‘டாக்டர்’, இல்லாதவருக்கு மிஸ்டர் அல்லது மிஸ் போட்டுப் பெயர். நேரில் சேர், மிஸ் என்பது போலவே மெயிலிலும் எழுதுகிறவர்கள் உண்டு, உள்ளூரில் அது போதும். பிரிட்டனிலும் இதே கணக்குதான், அங்கே சில பல்கலைக்கழகங்கள் இப்போது அசோசியேட் புரொஃபசர் என்ற பதவிப் பெயருக்கு மாறியிருக்கின்றன.

தமிழ்த்துறை நெறியாளருக்குத் தமிழில் மெயில் எழுதும்போது ‘தாங்கள்’ போட வேண்டுமா, ‘நீங்கள்’ போதுமா?
ஆய்வு மாணவர், மதுரை

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்’ அல்லது ‘அம்மா, வணக்கம்’ என்று ஆரம்பித்தால் தமிழ்த்துறையில் அதுவே நிறைவு. முதல் மெயிலானால் ‘பேராசிரியர்’ போட்டுப் பெயரையும் ‘அவர்களுக்கு’ என்பதையும் சேர்க்கலாம். தாங்கள், நீங்கள் இரண்டும் சரி, ஆனால் ஒரே மெயிலில் ‘தாங்கள் அனுப்பிய’ என்று தொடங்கி ‘நீங்க பார்த்துட்டு சொல்லுங்க’ என்று முடிக்காதீர்கள். எனக்குப் பிடித்தது ‘நீங்கள்’. அத்தியாயத்தை எப்போது தருவீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், தாங்களா நீங்களா என்பதை அவர் கவனிக்கக்கூட மாட்டார்.

வாட்ஸ்அப்பில் ‘ஹாய் மேம்’ என்று அனுப்பலாமா?
பெயர் வேண்டாம், ஈரோடு

அவர் எண் கொடுத்து அதில் கேட்கச் சொல்லியிருந்தால் ‘குட் மார்னிங் மேம்’ என்று அனுப்பலாம். இரவு பதினொரு மணிக்கு ‘ஹாய் மேம், மார்க் போட்டாச்சா?’ வேண்டாம்.

ஏ.ஐ.யிடம் சொல்லி மெயில் எழுத வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்களா?
இறுதியாண்டு, சேலம்

‘ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்று ஒரே வகுப்பிலிருந்து ஒரே நாளில் வரிசையாக வந்தால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஆங்கிலத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அனுப்பும் முன் முதல் வரியையாவது ஒருமுறை படியுங்கள். அடைப்புக்குறிக்குள் ‘புரொஃபசர்ஸ் லாஸ்ட் நேம்’ என்றே விட்டு எனக்கு வந்த மெயில் ஒன்று இன்னும் இன்பாக்ஸில் இருக்கிறது. கேட்டது பரிந்துரைக் கடிதம்.