செர்ரிக்கு நம்ம ஊர் மார்கழி போதாது

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் ராணுவத்தில், ஸ்ரீநகரில் இருக்கிறான். போன வருசம் ஜூன் மாதம் லீவுக்கு வந்தபோது ரெண்டு பெட்டி செர்ரிப் பழம் கொண்டு வந்தான். கொட்டைகளை ஈர மணலில் புதைத்து ஃபிரிட்ஜில் மூன்று மாதம் வைத்திருந்து நட்டேன், பன்னிரண்டில் ஒன்று முளைத்தது. இப்போது முக்கால் அடி உயரம். பங்குனி பிறந்ததிலிருந்து இலை ஓரமெல்லாம் கருகுகிறது. என்ன உரம் போடலாம்? எப்போது காய்க்கும்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, உங்கள் கைத்தவறு இதில் எதுவும் இல்லை. செர்ரிக் கொட்டையை முளைக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? பன்னிரண்டில் ஒன்று வந்ததே பெரிசு. ஆனால் அந்தக் கன்று பாளையங்கோட்டையில் காய்க்காது. ஆசையை வளர்த்துவிட்டு அஞ்சு வருசம் கழித்துச் சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை.

கொட்டையை ஏன் ஃபிரிட்ஜில் வைத்தீர்கள்? குளிர் பட்டால்தான் அது முளைக்கும் என்பதால்தானே. அந்தக் குளிர் மரத்துக்கும் வேண்டும், அதுவும் வருசா வருசம். காஷ்மீரில், சிம்லா பக்கத்து மலைகளில் எல்லாம் குளிர்காலம் வந்தால் செர்ரி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். 7 டிகிரிக்கும் கீழான குளிரில் ரகத்துக்குத் தக்கபடி ஏறக்குறைய 700 முதல் 1200 மணி நேரம் கிடந்த பிறகுதான் மொட்டுக்கு விழிப்புத் தட்டும், அப்புறம்தான் பூ. ஆயிரம் மணி நேரம் என்றால் ராப்பகலாக நாற்பது நாளுக்கு மேல் குளிர்ந்தே கிடக்க வேண்டும். நமக்கோ மார்கழி விடியற்காலையில் கோலம் போடும்போதே இருபது டிகிரிக்கு மேல் இருக்கும். கொட்டையை ஃபிரிட்ஜில் வைக்கலாம், மரத்தை வைக்க முடியாதே.

நானும் பட்டவன்தான். பத்து வருசம் முன்னால் ஒரு நர்சரியில் 'எந்த ஊர் வெயிலுக்கும் வரும்' என்று சொல்லி ஒரு ஒட்டுச் செர்ரிக் கன்றைக் கொடுத்தார்கள். புறவாசலில் செவல் மண்ணில் குழி எடுத்து, ஆட்டுப் புழுக்கை போட்டு, பிள்ளை மாதிரி பார்த்தேன். கொம்பு நுனியில் மட்டும் நாலு இலை விடும், அதற்குக் கீழே மொட்டெல்லாம் மூடினது மூடினபடியே இருக்கும். ரெண்டாவது கத்திரி வெயிலில் மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்து, தேன் நிறத்தில் பிசின் வடிய ஆரம்பித்தது. மூன்றாம் வருசம் பட்டுப்போனது. தெரிந்தே அப்படிச் சொல்லி விற்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இன்னொன்று, கொட்டையில் வந்த கன்று தாய் மரத்துப் பழத்தையே தரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அங்கே எல்லோரும் ஒட்டுக்கன்று வைக்கிறார்கள். பெரும்பாலான ரகங்களுக்குப் பக்கத்தில் வேறொரு ரகமும் பூத்திருந்தால்தான் காய் பிடிக்கும். ஒற்றை மரமாக நின்றால் காஷ்மீரிலேயே சிரமம்தான்.

சரி, இருக்கிற கன்றைப் பிடுங்கிப் போட வேண்டாம், மகன் கொண்டு வந்த பழத்தில் வந்தது அல்லவா. தொட்டியில் வைத்திருந்தால் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குச் சுவர் ஓரமாக நகர்த்துங்கள். தூரைச் சுற்றித் தென்னை நார் போட்டு, பொழுது சாய்ந்ததும் தண்ணீர் விடுங்கள். உரம் வேண்டாம், யூரியா கூடவே கூடாது, கருகல் கூடும். ஐஸ் கட்டி போட்டாலும் பிரயோசனமில்லை. குளிர வேண்டியது கிளையில் உள்ள மொட்டு.

பிள்ளைகள் பறித்துத் தின்ன ஒரு மரம் வேண்டும் என்றால் தேன்பழம் வையுங்கள். சர்க்கரைப் பழம், சிங்கப்பூர் செர்ரி என்றும் சொல்வார்கள். பேரில்தான் செர்ரி, உறவு ஒன்றும் கிடையாது. பழுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்தால் தூசி மாதிரி விதை அடியில் தங்கும், அதை மண்மேல் தூவினால் போதும், மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ரெண்டு வருசத்துக்குள் காய்த்துவிடும். கொப்பு லேசில் ஒடியும், ஆடிக் காற்று நேராக அடிக்கிற பக்கம் வேண்டாம். ராத்திரி வௌவால் வரும், அதனால் துணி காயப்போடுகிற இடத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

சின்ன இடம் என்றால் பார்படோஸ் செர்ரி. பெரிய தொட்டியிலேயே வரும். பூத்த மூன்று நாலு வாரத்தில் பழம் சிவந்துவிடும், புளிப்பும் இனிப்புமாக இருக்கும், வைட்டமின் சி நெல்லிக்காய் மாதிரி அள்ளித் தரும். பறித்த அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாள் கொழகொழத்துவிடும்.

கேள்வி: கேக் மேல் வைக்கிற செர்ரியை வீட்டில் வளர்க்க முடியுமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வளர்க்கலாம், ஏனென்றால் நம்ம ஊர் பேக்கரிகளில் அந்தப் பேரில் வருவது பெரும்பாலும் களாக்காய். கொட்டையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊற வைத்து, சிவப்புச் சாயம் ஏற்றியது. களா வெயிலுக்கு அஞ்சாது, தண்ணீரும் அதிகம் கேட்காது, முள் இருப்பதால் வேலிக்கும் ஆகும். நீங்களே காய் பறித்துப் பாகு காய்ச்சினால் சாயமே வேண்டாம், நன்றாகப் பழுத்ததைப் போட்டால் தானாகவே சிவப்பு இறங்கும்.