ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்கு மின்னஞ்சலில் பூட்டு எதற்கு?

கேள்வி: சாதாரணமாகக் கணினி பயன்படுத்துகிறவர்கள் தங்கள் மின்னஞ்சலை மறைகுறியாக்கம் (உரியவர் மட்டும் படிக்கும்படி பூட்டுதல்) செய்ய வேண்டிய அவசியம் உண்டா? ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்கு அது வீண் வேலை இல்லையா?

பதில்:

"ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதில். கேட்டவர் சொந்த மடிக்கணினியும் கதவடைத்துக்கொள்ள ஓர் அறையும் வீட்டு வாசலுக்கே வரும் தபாலும் உள்ளவராக இருக்க வேண்டும். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போது பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் கற்பிக்கிறேன். பக்கத்துக் காம்பிராவில் (லயத்து அறையில்) இருமினால் நம் காம்பிராவில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்திலும் ஒருவருடைய காகிதம் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான்.

என் அக்கா கொழுந்து எடுப்பவள். சில வருடங்களுக்கு முன் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புவோம், முகவரி கொடுங்கள் என்று ஆய்வுகூடத்தில் கேட்டிருக்கிறார்கள். அக்காவிடம் மின்னஞ்சல் ஏது? "டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடை முகவரியைக் கொடுங்கள், எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள்" என்று அங்கே இருந்தவரே சொல்லியிருக்கிறார். அவளும் கொடுத்துவிட்டாள்.

கடையில் அறிக்கையை அச்சடித்தபோது முதல் தாள் மங்கலாக வந்திருக்கிறது. அதைக் கிழித்துப் போடாமல், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அடுக்கில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் டிவிஷனைச் சேர்ந்த ஒருவர் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கப் போனார். அவர் கைக்கு வந்த தாளில் ஒருபக்கம் அவருடைய அடையாள அட்டை, மறுபக்கம் அக்காவின் பெயர், வயது, தோட்டத்தின் பெயர், எந்த இடத்தில் கட்டி, எத்தனை சென்ரிமீற்றர் என்பதெல்லாம். அடுத்த நாள் மடுவத்தில் கொழுந்து நிறுக்கப் போன அக்காவைச் சுற்றி நின்று பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அக்காவின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றுபோனது. தாய்க்கு இருப்பது மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அக்கா ஒளித்து வைத்த குற்றம் என்ன இதில்? அவளிடம் இருந்தது ஒரு நோய்ப் பயம் மட்டுமே.

கணினித் துறையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் மறித்துக் கேட்பார்கள் என்று தெரியும்: அது கடையின் கவனக்குறைவு, அச்சடித்த தாளை எந்த மறைகுறியாக்கமும் காப்பாற்றாதே? உண்மைதான். ஆனால் அக்காவிடம் மட்டும் உள்ள சாவியால் திறக்கும்படி அந்த அறிக்கை பூட்டி அனுப்பப்பட்டிருந்தால், கடையில் அச்சடிக்க எதுவும் இருந்திருக்காது. இன்னொன்று: அந்த அறிக்கை இன்றும் கடையின் அஞ்சல் பெட்டிக்குள்தான் இருக்கும். எங்கள் பக்கத்து மனிதர்களின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வெளிநாட்டு வேலைக்கான கடவுச்சீட்டுப் பிரதிகளும் அதே பெட்டியில் கிடக்கின்றன. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவு என்கிறது. போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காகித அடுக்குக்கு அந்தச் சட்டம் தெரியாது.

முதல் அறிக்கையில் தெளிவில்லை என்பதால் கோயம்புத்தூரிலும் ஒரு டாக்டரிடம் காட்ட நினைத்தோம். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. அவருடைய மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். "இனி எதையும் சும்மா அனுப்பாதீர்கள் அக்கா, நான் வழி சொல்கிறேன்" என்று அவன்தான் எனக்குத் தண்டர்பேர்டை அறிமுகப்படுத்தினான். இலவச மின்னஞ்சல் மென்பொருள். 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து ஓப்பன் பிஜிபி எனப்படும் மறைகுறியாக்க வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. கணக்கு அமைப்புக்குள் போய் ஒரு சாவிச் சோடி உருவாக்க வேண்டும். பொதுச் சாவி திறந்து கிடக்கும் பூட்டு மாதிரி, அதை ஊருக்கே கொடுக்கலாம். யாரும் பூட்டலாம், திறப்பது நம்மிடம் உள்ள தனிச் சாவி மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சாவியைச் சரிபார்த்த வேலை. அவன் பெயரில் வேறு யாரோ ஒரு பொதுச் சாவியை எனக்கு அனுப்பியிருக்கலாம் அல்லவா? ஆகவே சாவியின் கைரேகை எனப்படும் நாற்பது எழுத்து, இலக்கங்களைத் தொலைபேசியில் வாசித்து ஒப்பிட வேண்டும். எங்கள் மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், 'பி'யா 'டி'யா 'இ'யா என்று விளங்காது. நான் பண்டாரவளை, டிக்கோயா, எல்ல என்று ஊர்ப் பெயர் சொல்லி வாசித்தேன். அவன் பிறந்தே இராத மலைநாட்டின் ஊர்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நான்கு நான்காகச் சரிபார்த்தான். பிறகு அறிக்கையை இணைத்து, என்கிரிப்ட் பொத்தானை அழுத்தி அனுப்பினேன். அனுப்பியதை உலாவியில் போய்த் திறந்து பார்த்தேன். தலைப்பு வரியில் மூன்று புள்ளிகள். உள்ளே ஓர் இணைப்பு, அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதில் என் பேர் எங்கே?" என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்று சொன்னபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை. (அது சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது.)

இந்தக் கருவியின் பின்னால் ஒரு மனிதரின் துணிச்சல் இருக்கிறது. 1991இல் ஃபில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர், ஓப்பன் பிஜிபிக்கு மூலமான பிஜிபி என்ற மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். அது எல்லை தாண்டிப் பரவியதும், பலமான மறைகுறியாக்கம் ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் இருந்த காரணத்தால் அமெரிக்க அரசு அவரை வருடக்கணக்கில் விசாரித்தது. 1996இல்தான் வழக்கில்லாமல் விட்டது. சாதாரண மக்களுக்காக ஒருவர் அவ்வளவு பட்ட பிறகு, சாதாரண மக்களுக்கு அது தேவையில்லை என்பது எனக்கு ஏற்கவில்லை.

கடிதம் என்று பேச்சு வந்துவிட்டதால் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் எங்கள் தபால் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். எனக்கு வந்த முதல் நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்குக் கிடைத்தது. உறை பிரிக்கப்பட்டுப் பசை போட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருந்தது, பசை காய்ந்து உறை சுருங்கியிருந்தது. யார் பிரித்தது என்று கேட்க அப்பா போகவில்லை. ஆபிஸ் படி ஏறிக் கேள்வி கேட்கும் பழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. எங்கள் மூதாதையர் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதாகச் சொல்லும் 1823இலிருந்து கணக்கிட்டு மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று 2023இல் விழா எடுத்தோம். இருநூறு ஆண்டுக்குப் பிறகும் வீட்டுக் கதவில் ஓர் இலக்கமும் அந்த இலக்கத்துக்கு ஒரு கடிதமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மறைகுறியாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜிமெயிலில் பூட்டுப் படம் இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். அது அஞ்சல் போகும் வழியில் மட்டும் பாதுகாப்பு. சேர்ந்த இடத்தில், சேவை நடத்தும் நிறுவனத்தால் படிக்கக்கூடிய வடிவில்தான் இருக்கும். அதிலுள்ள 'இரகசியப் பயன்முறை'யும் முனைக்கு முனை மறைகுறியாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கக்கூடிய பூட்டு, அல்ல. வாட்ஸ்அப்பில் அந்தப் பாதுகாப்பு 2016இலிருந்தே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வைத்தியசாலையும் தூதரகமும் வேலை கொடுப்பவரும் கேட்பது மின்னஞ்சலைத்தானே.

எல்லா அஞ்சலையும் பூட்டச் சொல்லவில்லை. பாடசாலைக் கால அட்டவணையை நானும் திறந்தபடியே அனுப்புகிறேன். நோய், பணம், அடையாளம், குடும்பப் பிரச்சினை, இவற்றைப் பூட்டுங்கள். தண்டர்பேர்ட் கடினமாகத் தெரிந்தால் நீங்களும் அஞ்சலைப் பெறுபவரும் புரோட்டான் மெயில், டூட்டா என்ற மறைகுறியாக்க மின்னஞ்சல் சேவைகளில் ஒரே சேவையில் கணக்குத் தொடங்குங்கள், பூட்டும் வேலையை அதுவே செய்துகொள்ளும். அதற்கும் மறுப்பவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் கோப்பை 7-ஜிப் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருளில் கடவுச்சொல் போட்டு அடைத்து, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள், அதே அஞ்சலில் எழுதாதீர்கள். கோப்பின் பெயரையும் மறைக்கும் தெரிவு அதில் உண்டு, அதையும் போடுங்கள். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது இவை எதிலும் மறையாது. பல மென்பொருள்களில் தலைப்பு வரியும் மறையாது, ஆகவே தலைப்பில் நோயின் பெயரை எழுத வேண்டாம்.

தனிச் சாவியை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் இடத்தில் வையுங்கள். சாவியே தொலைந்தால் பழைய அஞ்சல்களை நீங்களும் திறக்க முடியாது, எந்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. கடைக் கணினியில் மட்டும் அந்தச் சாவியை ஒருநாளும் ஏற்றாதீர்கள்.