'கன்ஸ்பிக்யுவஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையான சொற்கள் எவை? எதை எங்கே போடுவது?

சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நோட்டிசபிள், ப்ராமினென்ட், ஆப்வியஸ், க்ளேரிங் என்று கைடுகளில் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியை மனப்பாடம் செய்தால் வாக்கியத்தில் தடுமாறுவீர்கள்.

சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்டு, தேடாமலே கண்ணில் படுவதுதான் கன்ஸ்பிக்யுவஸ். ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது கீழே பாருங்கள். செம்மண்ணுக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளைக்கல் சுரங்கத்துக் குவியல்கள் மட்டும் வெள்ளைவெளேரென்று தெரியும். அது கன்ஸ்பிக்யுவஸ். சேர்வராயன் கோயில் இருக்கும் மலையுச்சி உயர்ந்து நிற்கிறது, அதனால் ப்ராமினென்ட். மூட்டம் விலகி சேலம் டவுன் தெரிகிறதா? அதற்கு விசிபிள் போதும். ஆப்வியஸ் பெரும்பாலும் புத்திக்குப் புலப்படுவதற்கு: காரணம், விடை, பொய். க்ளேரிங் என்பதைப் பிழைக்கும் அநியாயத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்ஸ்பிக்யுவஸ் நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். பரம் வீர் சக்ரா விதியில் 'மோஸ்ட் கன்ஸ்பிக்யுவஸ் பிரேவரி' என்று இருக்கிறது. ஊர் பார்க்கட்டும் என்றே செய்யும் ஆடம்பரச் செலவுக்கு 1899-ல் பொருளியலாளர் வெப்லென் வைத்த பெயர் 'கன்ஸ்பிக்யுவஸ் கன்சம்ப்ஷன்'.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'கன்ஸ்பிக்யுவஸ் பை ஹிஸ் ஆப்சென்ஸ்' என்ற தொடர். கி.பி. 22-ல் ரோமில் ஜூனியா என்ற மூதாட்டி இறந்தார். சவ ஊர்வலத்தில் 20 பெரிய குடும்பங்களின் முன்னோர் உருவங்களைத் தூக்கிப் போனார்கள். சீசரைக் கொன்றவர்களில் புரூட்டஸ் அந்த அம்மாவுக்கு ஒரே தாய் வயிற்று அண்ணன், காசியஸ் கணவர். அந்த இருவரின் உருவங்கள் மட்டும் வரவில்லை. வராததாலேயே அவர்கள்தான் எல்லாரையும் மிஞ்சித் தெரிந்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். 1859-ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி லார்ட் ஜான் ரஸ்ஸல் இதைக் கையாண்டபின் ஆங்கிலத்தில் பரவியது. நம் பக்கத்துக் காதுகுத்தில் தாய்மாமன் இல்லையென்றால் பந்தி முழுக்க அவர் பேச்சாகத்தானே இருக்கும்? அங்கே இந்தத் தொடரைத் தாராளமாகப் போடலாம். சும்மா நாலு பேரோடு ஒருவர் வரவில்லை என்பதற்குப் போடக்கூடாது; எதிர்பார்த்த ஆள் வராதபோதுதான் பொருந்தும்.

அப்புறம், எதிர்ச்சொல் இன்கன்ஸ்பிக்யுவஸ். 'அன்' போட்டு எழுதாதீர்கள், தேர்வில் மார்க் போய்விடும்.