முற்பணத்தை வாங்கிக்கொண்டு விலகுங்கள்

கேள்வி (ஹட்டனிலிருந்து ஒரு தாய்): 19 வயது மகனுக்குக் கடும் பதற்றம். நாய் பக்கத்தில் இருந்தால்தான் நிம்மதி. இணையத்தில் டொலர் கட்டி ‘உணர்வுத் துணை நாய்’ சான்றிதழும் வாங்கினோம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பதிவு செய்த விடுதி நாயை உள்ளே விடவில்லை. ஊழியர் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். சலசலப்பில் நாய் அவர் கையை லேசாகப் பிறாண்டியது, அவ்வளவுதான். முற்பணத்தைத் திருப்பித் தருவதாக இப்போது சொல்கிறார்கள். வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறோம். வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, ஊழியர் பேசிய பேச்சை விடுங்கள். அந்த நாய் மகனுக்கு என்ன வேலை செய்யப் பழக்கப்பட்டிருக்கிறது? கேள்வி அது ஒன்றுதான். பக்கத்தில் படுத்திருப்பது வேலை ஆகாது. இந்தச் சான்றிதழ் விற்கும் வியாபாரம் பெருகிய அமெரிக்காவிலேயே, உடற்குறைக்கோ மனநோய்க்கோ உதவியாகக் குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய நாய்க்குத்தான் உணவகத்தில் இடம். ஆறுதலுக்கு வைத்திருக்கும் நாய்க்கு இல்லை. காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ் அங்கேயே செல்லாது.

இங்கே அங்கவீனர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு இருக்கிறது. பொதுமக்கள் போகும் இடத்துக்கு ஒருவர் போவதை அங்கவீனத்தைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. கண் தெரியாதவரின் வழிகாட்டி நாயைத் தடுத்தால், அவரையே தடுத்ததாக வாதாடிப் பார்க்கலாம். உங்கள் விடயத்தில், “பையன் வரலாம் என்றோம், நாயைத்தான் மறித்தோம்” என்பார்கள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அடிப்படை உரிமை மனுவும் சரிவராது, அது அரசு செய்ததற்கு எதிராகப் போடுவது, இது தனியார் விடுதி.

இனி, நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று தாண்டிப் போன அந்தப் பிறாண்டல். எனக்குப் பயமே அதில்தான். நம் நாட்டில் செல்லும் ரோமன் டச்சுச் சட்டப்படி, வளர்ப்பு நாய் செய்த காயத்துக்கு உரிமையாளரிடம் நட்டஈடு கேட்கலாம். அந்த ஊழியர் விசர்நாய் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் துண்டு அவர் கையில் இருக்கும். நாய் பிறாண்டியதற்கு அவரே காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். நீங்கள் கோரிக்கைக் கடிதம் அனுப்பிய மறுவாரம் அவருடைய கடிதம் வரும். வழக்காளியாகப் போய் எதிராளியாகத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சான்றிதழை ஆவணமாகப் போட்டீர்களோ, எந்த டாக்டர் மகனைப் பார்த்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பதற்றமுள்ள பையனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போகிறீர்களா?

வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். விடுதியின் பெயர் அதில் இருந்தால் மானநஷ்ட வழக்குக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி. அப்புறம் முற்பணத்தை வாங்குங்கள். இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுத்தில் வேண்டும், அதில் அந்த ஊழியரும் கையொப்பமிட வேண்டும். விடுதி முதலாளியின் கையொப்பம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஊசிச் செலவு கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், நாயின் தடுப்பூசி அட்டைப் பிரதியையும் சேர்த்து.